கரண்ட் இறக்கும் மணல்

ஹேமந்த்தைக் கழுத்துவரை மணலில் புதைத்திருந்தார்கள். தலை மட்டும் வெளியே தெரிந்தது. முடியில் ஒட்டிய மணலை அம்மா பூவாயி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்கக் காற்று மறுபடியும் கொண்டுவந்து போட்டது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டியிருக்கிற அந்தக் குப்பத்தில், கரண்ட் அடித்தவனை முதலில் மணலுக்குத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அலை நனைத்துவிட்டுப் போகிற இடமாகப் பார்த்துக் குழி தோண்டி, ஆளை உட்காரவைத்து மூடுவார்கள். உடம்பில் ஏறிய கரண்ட்டை ஈர மணல் இழுத்துக்கொள்ளும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஹேமந்த்தின் தாய்மாமன் கன்னியப்பனே அதற்குச் சாட்சி. ஐஸ் கொட்டகையில் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டுத் தூக்கியெறியப்பட்டவர் அவர். மணலில் கிடந்து எழுந்து, அன்றைக்குச் சாயங்காலமே சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். இன்றைக்குக் குழி தோண்டியதும் அவர்தான். மண்வெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை.

ஹேமந்த்தின் தங்கை சங்கவி கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். இயற்பியலில் பட்டம் வாங்கி, படூரில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருக்கிறாள். பிள்ளைகள் கேட்கிற வயரையும் மீட்டரையும் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைக்கிற வேலை. பேச்சு அதிகம் தேவைப்படாது. அதனாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. இன்று விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தாள்.

காலையில் கரை ஏறிய ஹேமந்த் படகிலிருந்து கொடி மூங்கிலை உருவி, தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மணல் மேட்டில் ஏறியிருக்கிறான். விரித்த வலை எங்கே முடிகிறது என்று மற்றப் படகுகளுக்குத் தெரிவதற்காக, வலையின் முனையில் கறுப்புத் துணி கட்டி மிதக்கவிடுகிற நீள மூங்கில் அது. மேட்டுக்கு மேலே, இறால் குஞ்சு வளர்க்கிற பண்ணைக்குப் போகும் உயர் அழுத்தக் கம்பி தாழ்ந்து தொங்கியது. கம்பம் சாய்ந்ததிலிருந்து அப்படித்தான் தொங்குகிறது. எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். மூங்கில் கரண்ட் கடத்தாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அறுந்து விழுந்த வயரை வீட்டுக்கு வீடு மூங்கிலால்தான் தள்ளிவிடுவார்கள். ஆனால் அது கூரையில் செருகிவைத்த, காய்ந்த மூங்கில். இது கடலிலேயே ஊறிக் கிடந்த மூங்கில். அதன் கணுக்களிலிருந்து உப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்திருந்த அதன் நுனி கம்பியில் பட்டுவிட்டது.

நினைவு தப்பி விழுந்தவன், பாதி மணல் போடும்போது கண் விழித்தான். கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

"பாத்தியா? எறங்குது, எறங்குது!" என்றார் கன்னியப்பன்.

"கரண்ட்டு ஒடம்புல தங்காது மாமா," என்றாள் சங்கவி.

யார் காதிலும் விழவில்லை. முன்னால் நின்ற இரண்டு பேரை விலக்கிக்கொண்டு போய், இன்னொரு தடவை சொன்னாள்.

"இன்னாமே சொல்ற?"

"கம்பியில இருந்து வுட்டுப்போன ஒடனே கரண்ட்டு போயிடும். உள்ள ஒண்ணியும் இருக்காது. போன வழியெல்லாம் வெந்துருக்கும். ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்."

"எங்கமே வெந்துருக்கு? தோலு கூட செவக்கல." கன்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். "நீ பேட்டரி வச்சு பல்பு எரிய வுடறவ. நான் கரண்ட்டை ஒடம்புல வாங்கனவன். யாரு பேச்ச கேக்கறது, சொல்லு?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். மணலுக்குள் இருந்து ஹேமந்த்தும் சிரித்தான். "வுடு மாமா. எங்க வூட்டு சயின்டிஸ்ட்டு அது. பேஜார் பண்ணாத."

அவன் சிரித்ததும் பூவாயிக்கு அழுகை வந்துவிட்டது.

சங்கவி கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மறுபக்கம் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். ஊர்ப் பெயரை அவள் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. வண்டி வந்து, அதிலிருந்து இறங்கியவர் மணலில் புதைந்த ஆளைப் பார்த்துப் போட்ட சத்தத்தில்தான் மண்வெட்டி மறுபடி வேலை செய்தது.

"பாதி எறங்கறதுக்குள்ள புடுங்கினு போறீங்க," என்று கன்னியப்பன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "மிச்சம் உள்ளயே நின்னுடுச்சுன்னா என்னைக் கேக்காதீங்க."

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ஹேமந்த்துக்கு ஒரு மூலைக் கட்டில் கிடைத்தது. வலது உள்ளங்கையில் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு. இடது குதிகாலில் வெடித்த மாதிரி ஒரு சின்னப் பிளவு. வேறு ஒன்றும் இல்லை. குப்பத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் இரண்டு காயத்தையும் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா!" என்றார்கள். வாங்கிவந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தாங்களும் இரண்டு சுளை தின்றார்கள்.

சங்கவி கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுநீர், பால் விடாத காப்பி நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வலது கை முழங்கைவரை இறுகி வீங்கியிருந்தது. விரல்கள் தாமாகவே மடங்கியிருந்தன. அவன் அவற்றை நிமிர்த்தப் பார்ப்பான், முடியாது. யாரும் கவனிக்காதபோது இடது கையால் பிடித்து நிமிர்த்திவைப்பான்.

பக்கத்துக் கட்டிலில் கருங்குழிக்காரர் சின்னையன் படுத்திருந்தார். மதுராந்தகத்தில் ரைஸ் மில்லில் பெல்ட்டில் மாட்டி ஒரு கால் போனவர். அவர் மனைவி மார்கரெட் வார்டில் எல்லோருக்கும் உறவாகிவிட்டிருந்தாள்.

"இன்னா தம்பி, கை வலிக்குதா?"

"வலி இல்லக்கா. மரத்துப்போன மாதிரி கீது."

மார்கரெட் சங்கவியைப் பார்த்தாள். சங்கவி தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் டாக்டர் பிரபாவதி வந்தார். இளம் வயது, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. சங்கவியின் அப்பா இருசப்பனை ஓரமாக அழைத்துப் பேசினார்.

"உள்ளே சதை செத்துட்டு வருதுங்கய்யா. அது கரைஞ்சு ரத்தத்துல கலந்து கிட்னியை அடைக்குது. முழங்கைக்கு மேல கையை எடுத்தா உங்க பையன் பிழைக்க வாய்ப்பு இருக்கு. இன்னிக்கே செய்யணும்."

"எந்தக் கைய?" என்றார் இருசப்பன்.

"வலது கை."

"நகத்துல கூட ஒண்ணும் ஆவலியேம்மா."

டாக்டர் மறுபடி சொன்னார். இன்னும் எளிமையாகச் சொல்லிப் பார்த்தார். இருசப்பன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். டாக்டர் போனதும் சங்கவியைக் கூட்டிக்கொண்டு வெளியே டீக்கடைக்குப் போனார்.

அவர் மகளை ஒருநாளும் அதட்டியதில்லை. அவள் படித்தது பற்றி வெளியே பெருமையாகப் பேசுவார். வீட்டில் அதைப் பற்றிப் பேசியதில்லை. இன்றைக்குத்தான் கேட்டார்.

"நீ படிச்சதுதான இது? எனக்கு வெளங்கற மாதிரி சொல்லு."

சங்கவி டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "காஞ்ச தோலு கரண்ட்டை லேசுல உள்ள வுடாது நைனா. தடுக்கும். அதைத் தாண்டி உள்ள போயிட்டா அப்புறம் தடுக்க ஒண்ணும் இல்ல. ரத்தம், சதை, நரம்பு எல்லாம் உப்புத் தண்ணிதான். கடலு மாதிரி. அதுல கரண்ட்டு சுலபமா ஓடும். ஓடறப்ப சூடாவும். எலும்ப ஒட்டி ரொம்ப சூடாவும். அதனாலதான் மேல ஒண்ணும் தெரியல. உள்ள எலும்புகிட்ட இருந்து வெந்துகினு வந்துருக்கு."

அப்பாவிடம் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. இருசப்பன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"அப்ப மூங்கிலு?"

"மூங்கிலு கடத்தாது. அதுல ஊறிப்போயிருந்த உப்புத் தண்ணி கடத்திடுச்சு."

"ம்." அவர் யோசித்தார். படகு வாங்கும்போது அடிமரத்தைத் தட்டிப் பார்க்கிற முகம். "உப்புத் தண்ணி கடத்தும்னா, உப்புத் தண்ணில ஊறின மணலு?"

சங்கவிக்கு அவர் எங்கே போகிறார் என்று புரிந்துவிட்டது.

"சொல்லுமா. அதுவும் கடத்துமில்ல?"

"கடத்தும் நைனா. ஆனா..."

"அப்ப கன்னியப்பன் சொல்றது நாயந்தான? உள்ளயும் உப்புத் தண்ணி, வெளிய மணல்லயும் உப்புத் தண்ணி. ரெண்டும் ஒட்டிச்சுன்னா உள்ள கீறது வெளிய போவும். நீ சொன்ன கணக்குதான இது?"

"உள்ள இப்போ கரண்ட்டே இல்ல நைனா. அது போன தடம்தான் கீது."

"கரண்ட்டு இல்லன்னா ஏன் இன்னும் வெந்துகினு கீது? நேத்தைக்கு இன்னிக்கு வீக்கம் ஏறிக்கீதே, எதனால?"

அதற்கும் பதில் இருந்தது. இறந்த சதை நீர் கோத்து வீங்குவதும், வீக்கம் ரத்தக் குழாயை நெரிப்பதும், அதனால் இன்னும் கொஞ்சம் சதை சாவதும். ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தபோது டீக்கடையில் யாரோ வடை கேட்டுக் கத்தினார்கள். அவள் குரல் அதற்குள் போய்விட்டது. இருசப்பன் எழுந்துவிட்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அதைக் கொடுத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஹேமந்த்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவன் தங்கையைக் கட்டிலில் உட்காரச் சொன்னான்.

"நைனா கையெழுத்துப் போட்டுட்டு கூட்டினு போறேன்றாரு. நீ இன்னா சொல்ற?"

"இங்கயே இருண்ணா."

"இருந்தா வெட்டிடுவாங்க."

"ஆமா."

"வெட்டினா பொழைப்பேனா?"

"பொழைக்கலாம்."

"அது இன்னா, கலாம்?"

"டாக்டர் அப்படித்தான் சொன்னாங்க."

"சரி, வெட்டலன்னா?"

அவன் நேராக அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டான். சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அண்ணன் முகத்துக்கு நேராக அதைச் சொல்லுவதற்கு அவளுக்கு வாய் வரவில்லை.

"ரொம்பக் கஷ்டம்ண்ணா," என்றாள்.

ஹேமந்த்தின் தோள் தளர்ந்தது. "கஷ்டம்தான? அது பாத்துக்கலாம். நாம பாக்காத கஷ்டமா? ஒத்தக் கையில வலை இழுக்கறவன் எவனாவது கீறானா, சொல்லு."

படிப்பறிவு இல்லாதவர்களைச் சமாளித்துப் பழகிய டாக்டர் பிரபாவதிக்குக்கூட அன்று குரல் உயர்ந்தது. பயனில்லை. மார்கரெட்தான் கடைசிவரை விடவில்லை.

"யோவ் பெரியவரே, இங்க பாருய்யா. எம் புருசனுக்குக் கால எடுத்துட்டாங்க. ஆளு கீதா இல்லியா? வாயி கூட அப்படியே கீது. தெனிக்கும் என்னைத் திட்டலன்னா தூக்கம் வராது அதுக்கு."

"காலு இருந்திருந்தா எட்டி ஒதச்சிருப்பேன், அதான் திட்டறேன்," என்றார் சின்னையன்.

ஹேமந்த் சிரித்தான். "வரேன் அண்ணாத்த. ரெண்டு கையோட வந்து உன்னைப் பாக்கறேன்." இடது கையால் கும்பிட முயன்றான். அவனை வீல் சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். சங்கவி துணிப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். மார்கரெட் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்குதில்ல?"

சங்கவி தலையாட்டினாள்.

"அப்ப ஏன் இப்படி வாய மூடினு போற?"

வேன் திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குத் திரும்பியது. கன்னியப்பன் போனிலேயே எல்லாம் சொல்லிவைத்திருந்தார். இந்தத் தடவை குழி அகலமாகவும் ஆழமாகவும் இருந்தது. வலது கை தனியாக நீட்டிக் கிடப்பதற்கு ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டியிருந்தார்கள். தண்ணீர் ஊறிய மணலை அள்ளி அள்ளிக் கைமேல் போட்டார்கள். வெயிலுக்குப் பாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள். யாரிடமும் சோம்பல் இல்லை. தன் பிள்ளைக்குச் செய்வது போலத்தான் ஒவ்வொருவரும் செய்தார்கள். சங்கவியால் அவர்களை வெறுக்க முடியவில்லை.

"எப்டிடா கீது?" என்றார் கன்னியப்பன்.

"குளுகுளுன்னு கீது மாமா."

"அதான். இழுக்குது."

சங்கவி அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து, இளநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததிலிருந்து அவன் சிறுநீர் கழிக்கவே இல்லை. அதை அவள் அம்மாவிடம் சொன்னாள்; அம்மா அப்பாவிடம் சொன்னாள். "மணலு ஈரத்த இழுக்குதில்ல, ஒண்ணுக்கு எப்டி வரும்?" என்று பதில் வந்தது. எந்தக் கேள்விக்கும் மணலிடம் பதில் இருந்தது.

பொழுது சாய்ந்தபோது எடுத்து வீட்டில் படுக்கவைத்தார்கள். காலையில் வெளிச்சம் வந்ததும் மறுபடி குழிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு ஹேமந்த் யாரையும் கிண்டல் செய்யவில்லை. முகம் உப்பியிருந்தது. சங்கவியை அம்மா என்று கூப்பிட்டான். பிறகு அம்மாவைப் பார்த்து, யார் இது என்று கேட்டான்.

மணலை ஒதுக்கிக் கையை வெளியே எடுத்தது கன்னியப்பன்தான். விரல்கள் ஊதா நிறம் தாண்டிக் கறுத்திருந்தன. அவர் தன் விரலால் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். நிறுத்தினார். குனிந்து மோந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் மீனோடு இருந்த மூக்கு. கெட்டுப்போனது எது என்று அதற்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அப்படியே குந்தியபடி இருந்தார். பாயைப் பிடித்திருந்தவன், "இன்னா மாமா?" என்றான். அவர் அந்தக் கையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இருசப்பா," என்றார். "வேன கூப்புடு."

"ஏன்? இன்னும் எறங்கலியே?"

"வேன கூப்புடுடா!"

அவர் அழுதுகொண்டிருந்தார். ஹேமந்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே ரோடுவரை ஓடினார். வேனில் மட்டும் ஏறவில்லை. யாரும் அவரை ஏறச் சொல்லவும் இல்லை.

டாக்டர் பிரபாவதி ஏன் போனீர்கள் என்று கேட்கவில்லை. கையைப் பார்த்தார், ஹேமந்த்தின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், வேகமாக நடந்தார். இந்தத் தடவை இருசப்பன் எதையும் வாசிக்கச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

கை தோளோடு போனது. ஹேமந்த்தை வார்டுக்குக் கொண்டுவரவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப அனுப்புகிற மெஷினோடு இணைத்திருந்தார்கள். மார்கரெட் இரண்டு பொட்டலம் இட்லி கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். பிரிக்காமலே அது ஆறிப்போனது.

டாக்டர் வெளியே வந்து சங்கவியிடம் பேசினார். தாழ்ந்த குரலில், இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. போகும்போது, "அம்மாவை வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க," என்றார்.

"இன்னாவாம்?" என்றார் இருசப்பன்.

சங்கவி சொன்னாள். கிட்னி வேலை செய்வதை நிறுத்திவிட்டது. செத்த சதையிலிருந்து கிளம்பிய விஷம் ரத்தம் முழுக்கப் பரவிவிட்டது. இதயம் தாறுமாறாக அடிக்கிறது. மெஷின் போட்டிருக்கிறார்கள், அது கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிக்கும்.

இருசப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். டீக்கடையில் கேட்டதைப் போல இல்லை. இடையில் தன் கணக்கு எதையும் போடவில்லை. புரியாத இடத்தில் மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். சதை ஏன் கரைகிறது, கரைந்தது ஏன் கிட்னியில் போய் நிற்கிறது, கரண்ட் போன பிறகும் கை ஏன் வீங்கியது. எல்லாவற்றையும் இப்போது ஒப்புக்கொண்டார். அவள் எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்.

"அப்ப," என்றார், "அன்னிக்கு டாக்டரம்மா கேட்டப்பவே வுட்டிருந்தா?"

தெரியாது என்று சொல்லலாம். டாக்டர்கூட அப்படித்தான் சொல்லுவார். சங்கவி வாயைத் திறந்தாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள்.

இருசப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். எதிர்ச் சுவரில் யாரோ சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை படிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்மா."

அவர் குரலில் கோபம் இல்லை. சங்கவி போனை எடுத்து, குப்பத்தில் இருந்த அம்மாவின் நம்பரைத் தேடினாள்.